அவரை விழ வைக்க நாம முதல்ல விழணும்: ஜூடோவின் சுதெமி த்ரோக்கள்

தெருச் சண்டையில் இருந்து ஒலிம்பிக்ஸ் மல்யுத்தம் வரைக்கும் நமக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதான். யார் கீழே விழுந்தாரோ அவர் தோத்தார். ஆனா ஜூடோவில் ஒரு த்ரோ குடும்பமே இந்தக் கணக்குக்கு எதிரா இருக்கு. அதில் போடுறவர்தான் முதல்ல தரைக்குப் போவார். தான் விழுற வேகத்திலேயே எதிரே நிக்கிறவரையும் சேர்த்து இழுத்துச் சாய்ப்பார். பக்கவாட்டில் விழுந்து செய்யும் இந்த வகைக்கு ஜப்பானிய மொழியில் யோகோ சுதெமி வாசா என்று பெயர். யோகோ என்றால் பக்கம். சுதெமி என்றால் தன் உடலையே தூக்கிப் போடுவது, அதாவது தியாகம். வாசா என்றால் டெக்னிக்.

இதைப் பற்றி ஏன் நம்ம இதழில் எழுதணும்? நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் ஜூடோ மேட் இருக்கிற இடம் கம்மி, ஆனா போன் எல்லார் கையிலயும் இருக்கு. "ரெண்டே செகண்டில் ஆளைச் சாய்க்கலாம்" என்று வர்ற ரீல்களில் பாதிக்கு மேல இந்தக் குடும்பத்து த்ரோதான். பார்க்க ஈஸியா இருக்கும். ஆளைத் தூக்க வேண்டாம், முதுகைத் திருப்ப வேண்டாம், சும்மா பிடிச்சுக்கிட்டு விழுந்தா போதும் போல தோணும். ஹாஸ்டல் வராண்டாவில் ட்ரை பண்ணிப் பார்க்கத் தோணுவதும் அதனாலதான். இந்த "சும்மா விழுறது" எப்படி வேலை செய்யுது, எந்த இடத்தில் அது அடுத்தவர் முழங்காலை உடைக்கிற வேலையா மாறுது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

முதல்ல ஒரு சின்ன மேப்

ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கினார். அவருடைய பள்ளியான கோடோகன் இன்று அங்கீகரிக்கும் த்ரோக்கள் மொத்தம் 68. கையால் செய்வது, இடுப்பால் செய்வது, காலால் செய்வது என்று மூணு பிரிவு. இந்த மூணிலும் போடுறவர் நின்னுக்கிட்டே இருப்பார். மிச்சம் இருக்கிற ரெண்டு பிரிவுதான் சுதெமி. நேரா மல்லாக்க விழுந்து செய்வது ஒண்ணு, அதில் 5 த்ரோ. பக்கவாட்டில் விழுந்து செய்வது இன்னொண்ணு, அதில் 16. அந்தப் பதினாறில் ரெண்டைப் போட்டியில் பயன்படுத்தவே கூடாது. அந்த ரெண்டுக்கு அப்புறம் வர்றேன்.

ஜூடோவில் போடுறவரை டோரி என்றும், போடப்படுறவரை ஊகே என்றும் சொல்வாங்க. சுதெமியில் ரெண்டு பேரும் விழுறதால "விழுந்தவர்" என்று சொன்னா குழப்பம் வரும். அதனால இந்தக் கட்டுரையிலும் டோரி, ஊகே என்றே வெச்சுக்கலாம்.

விழுறதுல என்ன பலம்?

காட்பாடியில் இருந்து பாகாயம் வர்ற டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காம நின்ன அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். டிரைவர் பிரேக் போட்ட உடனே உங்க சென்டர் ஆஃப் கிராவிட்டி ரெண்டு பாதங்களுக்கு நடுவில் இருக்கிற பரப்பை விட்டு வெளியே போயிடுது. ஒரு காலை முன்னால எடுத்து வெச்சா தப்பிச்சீங்க. அந்தக் காலை யாராவது தடுத்துட்டா, அடுத்தவர் மடியில்தான்.

ஜூடோ த்ரோ எல்லாமே இதேதான். ஊகேயின் சென்டர் ஆஃப் கிராவிட்டியைப் பாதப் பரப்புக்கு வெளியே கொண்டுவருவது முதல் வேலை. இதுக்குப் பேர் குசுஷி, நிலை குலைப்பது. டோரி தன் உடம்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோவது ரெண்டாவது வேலை, இது ட்சுகுரி. கடைசியா த்ரோவை முடிப்பது, இது காகே.

நின்னுக்கிட்டே போடும்போது ஊகேயை இழுக்கிற சக்தி டோரியின் காலும் இடுப்பும் தரையைத் தள்ளுவதில் இருந்து வருது. அதுக்கு பலமும் வேணும், பல வருஷப் பயிற்சியும் வேணும். சுதெமியில் டோரி வேற ஒரு இடத்தில் இருந்து கடன் வாங்குறார். 60 கிலோ எடை உள்ள ஒருத்தர் ஊகேயின் ஜாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு தன் கால்களை விட்டுட்டா, அந்த எடை முழுக்க, அதாவது 588 நியூட்டன், ஊகேயின் தோளில் தொங்குது. இதுக்கு டோரி எந்த தசையையும் முறுக்கத் தேவையில்லை. வேலையை கிராவிட்டி பார்த்துக்கும். சின்ன உருவம் இருக்கிறவங்க பெரிய ஆளுக்கு எதிரா சுதெமியைத் தேடிப் போவதுக்குக் காரணம் இதுதான்.

கடன் என்றால் வட்டியும் உண்டு. த்ரோ சரியா வரலைன்னா டோரி மல்லாந்து கிடப்பார், ஊகே மேலே இருப்பார். ஜூடோவில் எதிராளியை அப்படியே 20 செகண்ட் அமுக்கிப் பிடிச்சா ஆட்டம் முடிஞ்சது. அதனாலதான் இதுக்குத் தியாகம் என்று பேர். நின்னுக்கிட்டு இருக்கிற வசதியை முதல்லயே கொடுத்துட்டு, அதுக்கு ஈடா எதிராளி விழுவார் என்று நம்புறோம்.

ரெண்டாவது வட்டியைப் பத்தி ரீலில் யாரும் சொல்றதில்லை. நின்னுக்கிட்டுப் போடும் த்ரோவில் டோரி கையில ஒரு பிரேக் இருக்கு. ஊகே தரையைத் தொடும் நேரத்தில் அவர் சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே தூக்கினா போதும், அடி பாதியா குறையும். நல்ல பார்ட்னர் எல்லாரும் இதைச் செய்வாங்க. சுதெமியில் அந்த பிரேக் கிடையாது, ஏன்னா டோரியே காற்றில் இருக்கார். விழ ஆரம்பிச்ச பிறகு "ஐயோ, தப்பான இடம்" என்று தெரிஞ்சாலும் நிறுத்த முடியாது. அதனால இந்தக் குடும்பத்தில் பாதுகாப்பு முழுக்க விழுறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது.

மூணு மாதிரி

பதினாறையும் சொல்லி அறுக்க மாட்டேன். வேலை செய்யும் விதத்தை வெச்சு மூணு மாதிரியைப் பார்த்தா மத்ததும் புரியும்.

முதல் மாதிரி, உகி வாசா. ஊகே தன் வலது முன்பக்கமா சாயும்போது டோரி தன் இடது காலை ஊகேயின் வலது பாதத்துக்கு வெளியே நீட்டிப் போட்டு, தன் இடது பக்கமா விழுவார். ஊகே எடுத்து வைக்க வேண்டிய அடியை அந்தக் கால் தடுக்குது. பஸ்ஸில் காலைத் தடுத்த அதே கதைதான். ஊகே தன் வலது தோள் மேல உருண்டு டோரியைத் தாண்டிப் போவார். கானோவின் பள்ளியில் த்ரோக்களுக்கான முறைப் பயிற்சியான நாகே நோ காட்டாவில் கடைசியா வர்ற த்ரோ இது.

ரெண்டாவது மாதிரி, மகிகோமி, அதாவது சுருட்டிக்கொள்வது. ஊகேயின் வலது கையை டோரி தன் அக்குளில் இறுக்கிக்கிட்டு, முதுகைத் திருப்பி, தானே முன்னால உருளுவார். பாயைச் சுருட்டும்போது உள்ளே சிக்கின தலையணை மாதிரி ஊகே டோரியின் உடம்பைச் சுத்தி வந்து விழுவார். இதில் ஆபத்து முழங்காலுக்கு இல்லை, விலாவுக்கு. ஊகே முதல்ல தரையில் விழ, அவர் மேல டோரி விழுவார்.

மூணாவது மாதிரி, தானி ஓடோஷி. தானி என்றால் பள்ளத்தாக்கு, ஓடோஷி என்றால் விழச் செய்வது. ஊகேயின் எடை பின்னால குதிகாலுக்குப் போகும்போது, டோரி அவருக்குப் பின்பக்கமா தன் காலை நீட்டி, ரெண்டு குதிகாலுக்கும் பின்னால தடை போட்டு, பின்பக்கமா உட்கார்ற மாதிரி விழுவார். ஊகே பின்னால ஒரு அடி வைக்கப் பார்ப்பார், வைக்க இடம் இருக்காது. பள்ளத்தில் விழுந்த மாதிரி மல்லாக்கப் போவார்.

1980, ஒரு கால்

இப்போ தடை செய்யப்பட்ட ரெண்டுக்கு வருவோம். ஒண்ணு கவாசு காகே, எதிராளியின் காலைத் தன் காலால் பின்னிக்கொண்டு பின்னால விழுவது. இன்னொண்ணு கானி பசாமி. கானி என்றால் நண்டு, ஹசாமி என்றால் கத்தரி. நண்டுக் கொடுக்குக் கத்தரி என்று வெச்சுக்கலாம். டோரி ஊகேயின் பக்கத்தில் நின்னு, ஒரு கையால் அவரைப் பிடிச்சு, இன்னொரு கையைத் தரையில் ஊன்றி, பக்கவாட்டில் தாவுவார். ஒரு கால் ஊகேயின் முன்பக்கம், ஒரு கால் பின்பக்கம். கத்தரிக்கோல் மாதிரி ரெண்டையும் எதிரெதிர்ப் பக்கமா வெட்டினா ஊகே மல்லாக்க விழுவார். ரீலில் அதிகம் சுத்துறது இதுதான்.

1980 மே மாதம் ஜப்பானில் நடந்த எடைப்பிரிவு சாம்பியன்ஷிப்பில் யசுஹிரோ யமஷிடாவும் சுமியோ எண்டோவும் மோதினாங்க. யமஷிடா அந்தக் காலத்தில் யாராலும் சாய்க்க முடியாத ஆள். எண்டோவும் சாதாரண ஆள் இல்லை, உலக சாம்பியன். எண்டோ கானி பசாமிக்குத் தாவினார். அவருடைய எடை யமஷிடாவின் காலில் இறங்கி, கால் எலும்பு முறிஞ்சது. ஆட்டம் டிராவில் முடிஞ்சது. எலும்பு கூடி, யமஷிடா 1981 உலக சாம்பியன்ஷிப்பில் ரெண்டு பட்டங்களும், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் தங்கமும் வாங்கினார் என்பது தனிக் கதை. கானி பசாமி அதுக்குப் பிறகு போட்டிகளில் தடை ஆச்சு. கோடோகன் பட்டியலில் பேர் இன்னும் இருக்கு, செய்யத்தான் அனுமதி இல்லை. பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவின் பெரிய அமைப்பான ஐபிஜேஜேஎஃப் போட்டிகளிலும் இதுக்கு அனுமதி கிடையாது.

ஜப்பானை விடுங்க, நம்ம கபடிக்கு வாங்க. ரெய்டரைப் பிடிக்கும்போது கால்களைக் கத்தரி மாதிரி போட்டுப் பிடிப்பது கபடி விதிப்படி ஃபவுல். கணுக்காலைப் பிடிக்கலாம், தொடையைப் பிடிக்கலாம், இடுப்பைக் கட்டலாம், ஆனா காலால் கத்தரி போடக் கூடாது. மண் தரையில் வளர்ந்த ஒரு விளையாட்டும் மேட்டில் வளர்ந்த ஒரு விளையாட்டும் ஒரே விஷயத்தைத் தடை செய்யுதுன்னா, காரணம் மரியாதையிலோ மரபிலோ இல்லை, முழங்காலின் அமைப்பில் இருக்கு.

முழங்காலுக்கு ஒரு ஃப்ரீ பாடி டயக்ராம்

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படிச்சவங்களுக்கு இது ரெண்டு நிமிஷ வேலை. ஊகேயின் காலை ஒரு பீம் மாதிரி நினைங்க. கீழ் நுனி பாதம், மேல் நுனி இடுப்பு, நடுவில் ஒரு மூட்டு. அந்த மூட்டு கதவுக் கீல் மாதிரி. பின்பக்கமா மடங்கும், பக்கவாட்டில் மடங்காது. பக்கவாட்டில் அதைத் தாங்கிப் பிடிப்பது முக்கியமா உள்ளேயும் வெளியேயும் இருக்கிற லிகமென்ட்கள்தான்.

பாதம் தரையில் ஃப்ரீயா இருந்தா, பக்கத்தில் இருந்து தள்ளும்போது கால் மொத்தமா நகரும். பெண்டிங் மொமண்ட் பெருசா வராது. பாதம் தரையோட ஒட்டிக்கிட்டு, அதுக்கு மேல ஊகேயின் முழு எடையும் நின்னா, கீழ் நுனி ஃபிக்ஸ்டு சப்போர்ட் ஆயிடும். மேல் நுனியை உடம்பின் எடையும் இனர்ஷியாவும் பிடிச்சு வெச்சிருக்கும். அந்த நேரத்தில் 60 கிலோ ஆள் ஒருத்தர் நடுவில், அதாவது முழங்கால் பக்கவாட்டில், விழுந்தா? நம்ம லேபில் இரும்புக் கம்பியை நடுவில் அமுக்கி வளைக்கும் டெஸ்ட் அப்படியே இங்கே நடக்குது. மொமண்ட் அதிகமா இருக்கிற இடமும், கால் பலவீனமா இருக்கிற இடமும் ஒண்ணாயிடுது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி "இந்த த்ரோவுக்குத் தடை இருக்கா" என்பது மட்டும் இல்லை. "நான் விழும்போது என் எடை எங்கே இறங்கப் போகுது, அவர் பாதம் நகர முடியுமா" என்பதுதான்.

தடை இல்லாததும் உடைக்கும்

இந்தக் கேள்வியைத் தானி ஓடோஷிக்குப் போட்டுப் பாருங்க. அது போட்டியில் முழுக்க அனுமதி உள்ள த்ரோ. ஆனா புதுசா கத்துக்கிறவங்க கையில் முழங்காலுக்கு ஆபத்தான த்ரோ என்று கோச்கள் எச்சரிப்பதும் இதைத்தான். ஏன்?

சரியா செய்யும்போது டோரியின் இடுப்பு ஊகேயின் பின்பக்கம் போயிடும். நீட்டின கால் குதிகாலுக்குப் பின்னால மேட்டோட மேட்டா கிடக்கும். ஊகேயின் முழங்கால் மேல யாரும் உட்கார மாட்டாங்க. மார்பும் கையும்தான் ஊகேயைப் பின்னால கொண்டுபோகும்.

தப்பா செய்யும்போது டோரி அவ்வளவு தூரம் சுத்திப் போக சோம்பல்பட்டு, பக்கத்திலேயே நின்னு உட்கார்ந்துடுவார். அவர் இடுப்பு ஊகேயின் முழங்காலின் வெளிப்பக்கத்தில் இறங்கும். ஊகே எதிர்த்து நிக்க முயற்சி செஞ்சா அந்தக் காலில் எடையை இன்னும் அழுத்துவார், பாதம் இன்னும் ஒட்டிக்கும். மேலே சொன்ன பீம் கணக்கு அப்படியே வந்துடும். பேர் தானி ஓடோஷி, முழங்காலுக்கு நடப்பது கானி பசாமி.

அதனால விழுறதுக்கு முன்னாடி மூணு செக்:

ஒண்ணு, இடம். என் இடுப்பு அவருக்குப் பின்னால போயிடுச்சா? பக்கத்திலேயே இருந்தா விழக் கூடாது.

ரெண்டு, திசை. அவர் எடை ஏற்கனவே குதிகாலுக்குப் போயிடுச்சா? முன்னால சாய்ஞ்சு நிக்கிறவரைப் பின்னால இழுக்க என் எடையைப் பயன்படுத்தக் கூடாது.

மூணு, கால். என் கால் குதிகாலுக்குப் பின்னால மேட்டில் இருக்கா, இல்லை முழங்கால் உயரத்தில் இருக்கா?

மூணில் ஒண்ணு இல்லைன்னாலும் விட்டுட்டு நின்னுடணும். த்ரோ போனா ஒரு த்ரோதான் போச்சு.

தரையும் ஷூவும்

பாதம் ஒட்டுறது பத்திப் பேசினா நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ணு உள்ளே வருது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போனவங்களைக் கேளுங்க, சோலில் கிரிப் வர்றதுக்கு எவ்வளவு மெனக்கெடுவாங்க என்று சொல்வாங்க. நடக்கிறதுக்கு அந்த கிரிப்தான் பாதுகாப்பு. ஆனா ஷூ போட்டுக்கிட்டு சிமெண்ட் தரையில் ஒருத்தர் மேல இந்த த்ரோவை ட்ரை பண்ணினா, அதே கிரிப் பாதத்தை ஃபிக்ஸ்டு சப்போர்ட் ஆக்கிடும். ஜூடோக்காரங்க வெறுங்காலில் மேட்டில் நிக்கிறாங்க, பாதம் கொஞ்சமாவது வழுக்கி நகரும். வீடியோவில் பார்க்கிறதும் நாம வராண்டாவில் செய்றதும் ஒரே டெக்னிக் இல்லை, ஏன்னா பவுண்டரி கண்டிஷனே வேற.

அடியின் அளவையும் பார்த்துடலாம். நடுத்தர உயரம் உள்ளவரின் சென்டர் ஆஃப் கிராவிட்டி தரையில் இருந்து சுமார் 0.9 மீட்டர் உயரத்தில் இருக்கும். 60 கிலோ ஆள் அந்த உயரத்தில் இருந்து விழுந்தா கிட்டத்தட்ட 530 ஜூல். 50 கிலோ சிமெண்ட் மூட்டையை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து போட்டா 490 ஜூல். அந்த மூட்டை உங்க மணிக்கட்டு மேல விழுந்தா எப்படி இருக்கும்? பின்னால விழுறப்போ கையை ஊன்றினா நடப்பது அதுதான். மணிக்கட்டோ முழங்கையோ போயிடும்.

இதுக்குத்தான் ஜூடோவில் த்ரோவுக்கு முன்னாடி உகேமி சொல்லிக் கொடுக்கிறாங்க, அதாவது விழுறதுக்கான பயிற்சி. தாடையை நெஞ்சோட ஒட்டி வெச்சு, முதுகை வளைச்சு, முழுக் கையையும் உடம்புக்குச் சாய்வா தரையில் அடிப்பது. அடி ஒரு புள்ளியில் இறங்காம பெரிய பரப்பில் பரவுது, நிக்கிறதுக்கு எடுக்கும் நேரமும் கூடுது. தாடையை ஒட்ட வைப்பது தலைக்காக. கழுத்துக்காகவும் ஒரு விதி இருக்கு: போட்டியில் டோரி தலையை மேட்டில் குத்தி டைவ் அடிச்சா நேரடி டிஸ்குவாலிஃபிகேஷன்.

கழுத்து, முதுகுத்தண்டு காயம் என்றால் என்ன என்று பாகாயத்தில் இருக்கிறவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1954-ல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, அதுக்குப் பிறகு வீல்சேரில் இருந்துக்கிட்டே அறுவை சிகிச்சைகள் செஞ்ச டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966-ல் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் இங்கேதான் வந்தது. திரும்ப உட்காரவும் சாப்பிடவும் நகரவும் மாசக்கணக்கில் கத்துக்கிறவங்க நம்ம பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்திலேயே இருக்காங்க. வராண்டா விளையாட்டுக்கு அவ்வளவு விலை தேவையில்லை.

அப்போ கத்துக்கவே வேண்டாமா?

கத்துக்கலாம், தாராளமா. இந்தியாவில் ஜூடோ இப்போ நல்லா வளருது. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் மணிப்பூரின் சுஷிலா தேவியும் துலிகா மானும் வெள்ளி, விஜய் குமார் யாதவ் வெண்கலம். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் கபில் பர்மார் வாங்கின வெண்கலம்தான் இந்தியாவுக்கு அந்த மேடையில் கிடைச்ச முதல் ஜூடோ பதக்கம்.

ஆனா வரிசை முக்கியம். முதல்ல உகேமி, மேட்டில், கோச் முன்னாடி. அப்புறம் நின்னுக்கிட்டுப் போடும் த்ரோக்கள். அதில் பார்ட்னரை மெதுவா இறக்கத் தெரிஞ்ச பிறகுதான் சுதெமி. ஊகேயா இருக்கும்போதும் ஒரு பொறுப்பு இருக்கு. த்ரோ பாதி வந்துட்டா வீம்புக்குக் காலை ஊன்றி நிக்காதீங்க. போக விடுங்க, விழுங்க. பிராக்டிஸில் விழுந்ததுக்கு யாரும் மார்க் குறைக்கப் போறதில்லை.

கானோ ஜூடோவுக்கு ரெண்டு கொள்கை வெச்சார். ஒண்ணு, சக்தியை வீணாக்காம பயன்படுத்துவது. இன்னொண்ணு ஜிதா க்யோயெய், நானும் நீயும் சேர்ந்து நல்லா இருப்பது. நம்ம எடையை கிராவிட்டிக்குக் கொடுத்து ஆளைச் சாய்க்கும்போது முதல் கொள்கை தானா நடந்துடுது. ரெண்டாவது தானா நடக்காது. நாளைக்கும் அதே பார்ட்னர் ரெண்டு காலில் நடந்து பிராக்டிஸுக்கு வரணும் என்றால், விழுறதுக்கு முந்தின அரை செகண்டில் அந்த மூணு செக்கை நாமதான் செய்யணும்.